அரசு டி.வி.யில் அயல்நாட்டுச் செய்தி: வாசகர் கேள்வி – பதில்

என் மகன் டெல்லி ஜே.என்.யு. பல்கலைக்கழகத்தில் சீன மொழி படிக்கிறான். பயிற்சிக்காக தினமும் சீன அரசு டி.வி. செய்தி பார்ப்பான். வெளிநாட்டுச் செய்தி கடைசியில் கொஞ்சம்தான் வருகிறதாம்; அதுவும் வெள்ளம், துப்பாக்கிச் சூடு, போராட்டம். ஏன் இப்படி?
– வாசகி, முனிர்கா

உங்கள் மகன் பார்ப்பது 'ஷின்வென் லியென்போ'வாக இருக்கும். 1978 ஜனவரி 1-இல் தொடங்கிய அரைமணி நேரச் செய்தி. பெய்ஜிங்கில் இரவு 7 மணி, நமக்கு மாலை 4.30. பெரும்பாலான மாகாண சேனல்களும் அந்த நேரத்தில் அதையேதான் ஒளிபரப்பும்.

அதில் வெளிநாடு இரண்டு இடத்தில் வரும். கடைசிப் பகுதி ஒன்று. இன்னொன்று முதல் செய்தியிலேயே இருக்கும்: எந்த நாட்டு அதிபர் வந்து ஷி ஜின்பிங்கைச் சந்தித்தார் என்பது. அதைத் தலைவர் செய்தியாகக் கருதி மகன் கணக்கில் சேர்க்காமல் விட்டிருப்பார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நோக்கம் தெரியும். உலகம் நம்மைத் தேடி வருகிறது, வெளியே ஒரே குழப்பம் என்கிற எண்ணம் பார்ப்பவர் மனசில் பதிகிறது. இத்தனைக்கும் ஒவ்வொரு செய்தியும் தனித்தனியே உண்மையாக இருக்கலாம்.

வந்ததைவிட வராததுதான் முக்கியம். 2020 ஜூன் 15 அன்று லடாக் எல்லையில் சீன ராணுவத்துடன் நடந்த கல்வான் மோதலில் நம் வீரர்கள் 20 பேர் இறந்ததை மறுநாளே நம் ராணுவம் அறிவித்தது. தன் தரப்பில் நான்கு பேர் இறந்ததாகச் சீனா சொன்னது 2021 பிப்ரவரியில். அந்த எட்டு மாதமும் சீன மக்களுக்கு அவர்கள் அரசு ஓர் எண்ணைக்கூடச் சொல்லவில்லை.

பிரதமர் வெளிநாடு போனால் டிடி நியூஸில் மணிக்கணக்கில் காட்டுகிறார்கள். என்ன முடிவானது என்பது மட்டும் பிடிபடுவதே இல்லை. எங்கே பார்ப்பது?
– வாசகி, கரோல் பாக்

விமானத்தின் கதவு திறக்கும், சிவப்புக் கம்பளம், ஓட்டல் வாசலில் நம்மவர்களின் வரவேற்பு, கைகுலுக்கல், நீள மேஜை. பேச்சுவார்த்தை அறைக்குள் கேமராவைச் சில நிமிஷம்தான் விடுவார்கள். பேச்சு சூடு பிடிக்கும் முன் வெளியே அனுப்பிவிடுவார்கள். அதனால் விஷுவல் கிடைப்பது சடங்குக்குத்தான். டி.வி. கையில் இருக்கும் விஷுவலைத்தான் நீட்டும்.

முடிவுகளுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்துக்குப் போங்கள். 'ஜாயின்ட் ஸ்டேட்மென்ட்' இருந்தால் முதலில் அதைப் படியுங்கள். இரு நாடும் ஒப்புக்கொண்ட வாசகம் அது. 'பிரஸ் ரிலீஸ்' நம் தரப்பு மட்டும் சொல்வது. அடுத்து 'லிஸ்ட் ஆஃப் அவுட்கம்ஸ்'. டி.வி.யில் "இத்தனை ஒப்பந்தங்கள்" என்று மொத்தமாகச் சொல்வதில் பல வெறும் எம்.ஓ.யு.க்கள், அதாவது புரிந்துணர்வு ஒப்பந்தங்கள். செய்ய விருப்பம் என்பதற்கு மேல் பெரும்பாலானவற்றில் கட்டாயம் எதுவும் கிடையாது. பட்டியலில் எது எம்.ஓ.யு., எது அக்ரிமென்ட் என்று பிரித்தே போட்டிருப்பார்கள்.

பிறகு அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகம் வெளியிட்ட குறிப்பை எடுங்கள். தலைவர்கள் போனில் பேசினால்கூட இரு தரப்பும் தனித்தனிக் குறிப்பு வெளியிடும். ஒருவர் எழுதி மற்றவர் விட்ட வரியைக் கோடிடுங்கள். இழுபறி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

டி.வி.யையே அளந்து பார்க்க ஆசை இருந்தால், ஒரே நேரச் செய்தியை ஒரு வாரம் பாருங்கள். ஒரு நோட்டில் எத்தனையாவது செய்தி, எத்தனை விநாடி, யாருடைய பைட் (கேமரா முன் யார் பேசிய துணுக்கு), படம் யாருடையது என்று நான்கு கட்டம் போடுங்கள். இதில் தவறு நேர்வது இரண்டு இடத்தில்: தலைப்புச் செய்தியில் வந்ததையும் விரிவாக வந்ததையும் இரண்டாக எண்ணுவது, ஒரே நாளை வைத்து முடிவு கட்டுவது. தேர்தல் முடிவு வந்த நாளில் எந்த நாட்டு டி.வி.யிலும் வெளிநாடு காணாமல் போகும்.

தூர்தர்ஷனையும் ஆகாசவாணியையும் நடத்தும் பிரசார் பாரதி தன்னாட்சி அமைப்பு என்கிறார்கள். நிஜமாகவா?
– வாசகர், மயூர் விஹார்

பாதி நிஜம். 1990-இல் வந்த சட்டம் 1997-இல்தான் நடைமுறைக்கு வந்தது. மக்களுக்குச் சுதந்திரமாக, உண்மையாக, நடுநிலையோடு தகவல் கிடைக்கும் உரிமையைக் காப்பது அதன் கடமை என்கிறது 12-ஆம் பிரிவு. 23-ஆம் பிரிவோ, நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது அமைதி கருதி, இதை ஒளிபரப்பு, இதை ஒளிபரப்பாதே என்று மத்திய அரசு உத்தரவிடலாம் என்கிறது. அப்படிப் போட்ட உத்தரவின் நகலை இரு அவைகளிலும் வைத்தாக வேண்டும். ஆனால் பணம் பெருமளவு அரசிடமிருந்து வரும்போது உத்தரவுக்கே தேவை இருக்காது. பலவீனம் அங்கேதான் இருக்கிறது. சட்டத்தைத் திருத்துவதற்கு முன் நிதியை அரசின் பிடியிலிருந்து பிரிக்க வேண்டும்.

அப்படியானால் தனியார் சேனல்தான் மேலா?
– வாசகர், துவாரகா

போர்ச் செய்தியில் நிச்சயமாக இல்லை. 2025 மே மாதம் இந்தியா–பாகிஸ்தான் மோதலின்போது கராச்சி துறைமுகத்தை நம் கடற்படை தாக்கிவிட்டதாகச் சில தனியார் சேனல்கள் இரவெல்லாம் சொன்னார்களே, அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்த நாட்களில் வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியும் ராணுவ அதிகாரிகளும் நடத்திய பிரீஃபிங்கை முழுசாகப் பார்ப்பதுதான் பயன் தந்தது. தூர்தர்ஷனில் அது வெட்டாமல் வந்தது. அதுவும் ஒரு தரப்புதான். கேள்வி நேரம் முடியும்வரை பாருங்கள். எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.