எல்லோரும் வாங்கும்போது விற்பது யார்?

பங்குச்சந்தை பற்றி மும்பைத் தமிழர்கள் கேட்டவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

செம்பூர் வாசகர்: டெலிகிராம் குழுவில் சொன்ன சின்னப் பங்கு ஒன்று தினமும் அப்பர் சர்க்யூட் அடிக்கிறது. இப்போதாவது வாங்கலாமா சார்?

அப்பர் சர்க்யூட் என்பது ஒரு பங்கு ஒருநாளில் ஏறக்கூடிய உச்ச வரம்பு. அந்த வரம்பு 5 சதவீதமாக இருந்து தினம் அதைத் தொட்டால் 15 நாளில் விலை இரட்டிப்பைத் தாண்டும். அந்த நாட்களில் விற்க ஆளே இருக்காது, நீங்கள் ஆர்டர் போட்டாலும் கிடைக்காது. திடீரென்று ஒருநாள் கேட்டதெல்லாம் கிடைக்கும். அன்றுதான் உஷாராக வேண்டும். அத்தனை பங்கையும் கொட்டுவது யார்? பல நேரம், மலிவாக வாங்கி வைத்துக்கொண்டு பிறகு டிப்ஸ் பரப்பிய கூட்டம்தான். சாத்னா பிராட்காஸ்ட் என்ற கம்பெனியின் பங்கில் யூடியூப் வீடியோக்களை வைத்து இப்படி நடந்ததாகச் சொல்லித்தான் 2023 மார்ச்சில் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி இடைக்கால உத்தரவு போட்டது.

அப்புறம் லோயர் சர்க்யூட், அதாவது ஒருநாளில் இறங்கக்கூடிய கீழ் வரம்பு. விற்கலாம் என்று திரையைத் திறந்தால், வாங்குவோர் பக்கத்தில் ஐந்து வரியும் பூஜ்யம். விற்போர் பக்கத்தில் லட்சக்கணக்கில் வரிசை. விரார் ஃபாஸ்ட் ரயிலில் ஏறிவிட்டு, நடுவே போரிவலியில் இறங்கப் பார்த்துக் கூட்டத்தில் சிக்கிக்கொள்பவர் கதிதான்.

டோம்பிவிலி வாசகர்: குழுவில் எல்லோருக்கும் லாபம் வருகிறதே?

லாபம் வந்தவர் ஸ்கிரீன்ஷாட் போடுவார், நஷ்டப்பட்டவர் போடுவாரா? பங்கின் வருங்கால விலையை வைத்து நடக்கும் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வர்த்தகத்தில் 2024 மார்ச் வரையான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்கிறது செபி ஆய்வு. அப்படி நஷ்டப்பட்டவர்கள் உங்கள் குழுவிலும் இருப்பார்கள், வாயைத்தான் திறக்க மாட்டார்கள்.

மாட்டுங்கா வாசகர்: ஐபிஓவுக்கு (கம்பெனி முதன்முதலாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்பது) பல மடங்கு விண்ணப்பம் வந்தால் நல்லதுதானே?

ரிலையன்ஸ் பவருக்கு 2008 ஜனவரியில் சுமார் 70 மடங்கு வந்தது. வெளியீட்டு விலை 450 ரூபாய், சிறு முதலீட்டாளருக்கு 20 ரூபாய் தள்ளுபடி. பட்டியலான முதல் நாளே அந்தத் தள்ளுபடி விலைக்கும் கீழே போய் முடிந்தது.

முலுண்ட் வாசகி: விலை இறங்க இறங்க வாங்கி, சராசரி விலையைக் குறைத்து ஆவரேஜ் பண்ணச் சொல்கிறார் என் அண்ணன்.

எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லையே அம்மா. கம்பெனியின் வியாபாரமே தெரியாமல் ஆவரேஜ் பண்ண வேண்டாம்.

தாராவி வாசகர்: அப்படியென்றால் கூட்டம் வாங்குவதெல்லாம் தப்பா?

இல்லை. நல்ல பங்கையும் கூட்டம் வாங்கும். எக்ஸ்சேஞ்ச் தளத்தில் மூன்று விஷயம் பாருங்கள்: எக்ஸ்சேஞ்ச் கூடுதலாகக் கண்காணிக்கும் ஏஎஸ்எம், ஜிஎஸ்எம் பட்டியலில் பங்கு இருக்கிறதா, டெலிவரி (அன்றே விற்றுவிடாமல் கணக்கில் எடுத்துக்கொண்டது) எத்தனை சதவீதம், காலாண்டுக்குக் காலாண்டு புரமோட்டர் (கம்பெனியின் முதலாளி தரப்பு) வைத்திருக்கும் பங்கு குறைகிறதா. புரமோட்டர் பங்கு குறைகிறது என்றால், ஏன் என்று தெரியும்வரை காசைக் கையிலேயே வைத்திருங்கள்.