ஹை-ஃபை ஒலி: கேட்பவர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்புக்கும் சிடிக்கும் எனக்கு வித்தியாசமே தெரியல சார். என் காதுல கோளாறா?

பதில்: காது நன்றாகத்தான் இருக்கிறது. சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரியெடுப்பு (நொடிக்கு 44,100 முறை ஒலியை அளப்பது) அதில் பாதியான 22 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் வரை பதிகிறது. மனிதக் காது 20 வரைதான், வயது ஏற ஏற அதற்கும் கீழே. மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே சிடியின் 16 பிட் தரும் 96 டெசிபல் இடைவெளி வீட்டுக்குத் தாராளம். 24 பிட் ஒலிப்பதிவுக்கூடத்தில் உதவும், வரவேற்பறையில் அல்ல. ஒரே பாட்டின் இரண்டு பதிப்புகள் வேறாகக் கேட்டால் பெரும்பாலும் மாஸ்டரிங் (வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பு) வேறு.

கேள்வி: எம்பி3-யை ஃப்ளாக்கா மாத்தினா தரம் கூடுமா?

பதில்: கூடாது. எம்பி3 கோப்பைச் சிறிதாக்க ஒலியின் ஒரு பகுதியை வெட்டிவிடும், ஃப்ளாக் எதையும் இழக்காமல் சுருக்கும். சக்கையிலிருந்து கரும்பு வராது. கோப்பு பெருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: எனக்கு நொடிக்கு 320 கிலோபிட் எம்பி3-க்கும் ஃப்ளாக்குக்கும் வித்தியாசம் தெளிவா தெரியுதே?

பதில்: தெரியலாம். ஆனால் எது எது என்று பார்த்துக்கொண்டே கேட்டால் கணக்கில் சேராது. எம்பி3-யை நீங்களே அந்த ஃப்ளாக்கிலிருந்து உருவாக்குங்கள். வெளியே எடுத்தது வேறு மாஸ்டராக இருக்கலாம். இரண்டின் சத்த அளவையும் சமமாக்குங்கள். அரை டெசிபல் கூடினாலே அது 'சத்தமாக' அல்ல, 'தெளிவாக' இருப்பதாகத் தோன்றும். கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பிறகு ஃபூபார்2000 என்ற பாட்டு மென்பொருளின் ஏபிஎக்ஸ் கருவியில் (எது ஓடுகிறதென்று காட்டாமல் கண்டுபிடிக்கச் சொல்லும்) 16 முறை. 12 சரியென்றால் நம்பலாம். குருட்டாம்போக்கில் அத்தனை வர நூற்றுக்கு நான்கு வாய்ப்புகூட இல்லை.

கேள்வி: 10-க்கு 12 அடி ரூம். பேஸ் (தாழ்ந்த ஒலி) சில இடத்துல கும்முனு வருது, சில நோட்டு காணவே காணோம். ஸ்பீக்கரை மாத்தணுமா அண்ணா?

பதில்: காசைச் செலவழிக்காதீர்கள் தம்பி, அறைதான் காரணம். 12 அடி என்பது 3.66 மீட்டர். ஒலியின் வேகமான 343-ஐ அதன் இருமடங்கால் வகுத்தால் 47 ஹெர்ட்ஸ். அந்த அலை எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே நிலை அலையாகச் சிக்கிக்கொள்கிறது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் அது வீங்கும், அறையின் நடுவில் காணாமல் போகும். அதன் இருமடங்கான 94 ஹெர்ட்ஸோ நடுவிலும் வீங்கும். அதனால் பின்சுவரிலிருந்து நாலரை அடி தள்ளி நாற்காலியைப் போட்டுத் தொடங்குங்கள். ஒரே அதிர்வெண்ணில் ஒலி தரும் டோன் ஜெனரேட்டர் செயலி உள்ள ஃபோனை ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) இணைத்து, சத்தத்தைக் குறைவாக வைத்து, 30-லிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏற்றுங்கள். நாற்காலியை அரையடி அரையடியாக நகர்த்தி மறுபடி ஓட்டுங்கள். ஏற்ற இறக்கம் எங்கே குறைவோ அங்கே உட்காருங்கள்.

ஸ்பீக்கரின் இடமும் இதே போலத்தான். வூஃபர் (பேஸ் தரும் பெரிய கூம்பு) ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து 1 மீட்டரில் இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 86 ஹெர்ட்ஸில் நேர் ஒலியைத் தின்றுவிடும். அந்தப் பள்ளத்தை ஈக்வலைசரால் (குறிப்பிட்ட அதிர்வெண்ணை ஏற்றி இறக்கும் வசதி) நிரப்ப முடியாது. ஏற்றினால் திரும்பும் ஒலியும் சேர்ந்து ஏறும். நகர்த்துவதுதான் வழி. இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சமபக்க முக்கோணமாக, ட்வீட்டர் (உச்ச ஒலி தரும் சிறிய பகுதி) காது உயரத்தில்.

கேள்வி: முட்டை அட்டை ஒட்டினா சரியாகுமா?

பதில்: ஆகாது. மெல்லிய அட்டை பேஸைத் தொடவே தொடாது. தீப்பிடிக்கும் பொருள் வேறு. மூலைகளில் 4 அங்குலத்துக்குக் குறையாத ராக்வூல் (ஒலியை உறிஞ்சும் கனிம இழைப் பலகை) வையுங்கள், தடிமன் கூடக் கூட நல்லது.

கேள்வி: பாடகர் குரல் நடுவுல நிக்காம எங்கேயோ மிதக்குது. பேஸும் மெலிஞ்சிருக்கு.

பதில்: ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கும். ஆம்பிலிருந்து ஒயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை நொடிப்பொழுது தொட வையுங்கள், பிளஸ் சிவப்பில். இரண்டு வூஃபரும் ஒரே திசையில் அசைய வேண்டும்.

கேள்வி: லேப்டாப்பை ஆம்பில் போட்டா 'ம்ம்'னு இரைச்சல்.

பதில்: சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றால் எர்த் லூப். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் கேபிள் வழியே சுற்றுகிறது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். போகாவிட்டால் ஒலிக் கேபிளின் நடுவே மாட்டும் லைன் ஐசொலேட்டர். எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

கேள்வி: காதைப் பழக்குவது எப்படி?

பதில்: ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் கவனியுங்கள். நல்ல கச்சேரிப் பதிவில் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தை (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) மட்டும் தொடருங்கள்: அடிக்கு அடி சுருதி தெரிகிறதா, வெறும் 'தொம்' மட்டுமா? அடுத்த முறை தம்புராவின் மேல்சுரங்கள் (அடிப்படைச் சுருதிக்கு மேலே கூடவே ஒலிப்பவை). மூன்றாம் முறை 'ச' எழுத்து. சீறினால் ட்வீட்டரை நேராகக் காதுக்குக் காட்டாமல் சற்றே விலக்கித் திருப்புங்கள்.