இந்த டிரைலோபைட் எந்த இனம்?

கேள்வி: பழைய சேகரிப்பு ஒன்று கைமாறி என்னிடம் வந்தது. அதில் சாம்பல் நிறக் கல்லோடு ஒட்டியபடி 3 சென்டிமீட்டர் நீளமுள்ள டிரைலோபைட் (எப்போதோ அழிந்துபோன, ஓடுள்ள கடல்விலங்கின் புதைபடிவம்) ஒன்று இருக்கிறது. தலையின் முன்பக்கம் பருத்து, குருணை குருணையாக இருக்கிறது. கண்கள் பெரியவை. நடுவுடலில் 11 வளையங்கள். பெயர்ச்சீட்டு இல்லை. என்ன இனம்? வினிகரில் ஊறவைத்துச் சுத்தம் செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். டிரைலோபைட்டின் ஓடு கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தால் ஆனது, அமிலம் பட்டால் ஓடும் கரையும், சுற்றியிருப்பது சுண்ணாம்புக்கல் என்றால் அதுவும் சேர்ந்து கரையும். மென்மையான காய்ந்த பிரஷ் போதும். ஒட்டியிருக்கும் கல்லையும் உடைத்து எடுத்துவிடாதீர்கள், சீட்டு தொலைந்துபோன புதைபடிவத்துக்கு அந்தக் கல்தான் மிச்சமிருக்கும் சாட்சி.

வளையங்களை எண்ணிச் சொன்னீர்களே, அது பெரிய உதவி. 20,000-க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கும் கூட்டத்தில் இந்த எண்ணிக்கைதான் முதல் சல்லடை. அக்னாஸ்டஸ் வகையில் 2 வளையங்கள்தான், அசாஃபஸ் குடும்பத்தில் 8, கலிமீனில் 13. பதினொன்று, கூடவே பருத்துக் குருணை படர்ந்த தலை, பெரிய கண்கள் என்றால் எனக்கு உடனே தோன்றுவது ஃபகாப்ஸ் குடும்பம்தான். கண்ணை 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். அந்தக் கண்ணிலேயே தனித்தனி உருண்டைகளாகக் குட்டி லென்ஸுகள் வரிசையாகத் தெரிந்தால் சந்தேகம் ரொம்பவே குறைந்துவிடும். டால்மனைட்டஸ் வகைக்கும் இதே மாதிரி கண்ணும் 11 வளையங்களும் உண்டு, ஆனால் அதன் வால்தட்டு பெரியது, பல சமயம் முள்போல நீண்டிருக்கும். உங்களுடையதில் வால் சிறிதாக, அரைவட்டமாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அது சரியாக வந்தால் பெரும்பாலும் டெவோனியன் காலம், அதாவது சுமார் 41.9 கோடி முதல் 35.9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இனப்பெயர் வரை போவதற்குக் கிடைத்த இடம் தெரியவேண்டும். வட அமெரிக்காவின் எல்ட்ரெட்ஜியாப்ஸ் ரானாவும் மொராக்கோவின் ஃபகாப்ஸ் வகைகளும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். முந்தைய உரிமையாளரிடம் ஏதாவது பட்டியல் கிடைத்து, அதில் 'ஃபகாப்ஸ் ரானா' என்றிருந்தால் அது எல்ட்ரெட்ஜியாப்ஸின் பழைய பெயர்தான், குழம்ப வேண்டாம்.

அப்புறம், மொராக்கோ சரக்கில் ரெசினில் வார்த்த போலிகள் நிறைய உண்டு. லென்ஸில் பார்க்கும்போது குட்டிக் குட்டிக் காற்றுக்குமிழிக் குழிகள் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். கல்லில் ஓடும் மெல்லிய வெடிப்பு அப்படியே விலங்கின் மேலும் தொடர்ந்து போனால் நல்ல அறிகுறி.

மேலிருந்து, முன்னிருந்து, பக்கவாட்டிலிருந்து என்று மூன்று படம் எடுங்கள். ஸ்கேல் பக்கத்தில் இருக்கட்டும், வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழட்டும். அதுவரை சீட்டில் 'ஃபகாப்ஸ் குடும்பம், இடம் தெரியவில்லை' என்றே எழுதி வையுங்கள்.