போட்டுக்கொடுப்பதும் போட்டு வாங்குவதும்

அன்புள்ள ஐயா,

மதுரை மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறேன். வெளிநாட்டுக்காரர்கள் பேசும்போது தனித்தனிச் சொல் தெரிகிறது, சேர்ந்து வந்தால் புரிவதில்லை. புட் ஆஃப், புட் அவுட், புட் அப் வித் என்று நூறு ஃப்ரேசல் வெர்ப் (வினையோடு ஒரு குட்டிச் சொல் ஒட்டி வேறு பொருள் தருபவை) மனப்பாடம் செய்தேன். ஒரே வாரத்தில் எல்லாம் குழம்பிவிட்டது. என்ன செய்யலாம்?

மு., திருமங்கலம்

அன்புள்ள மு.,

முதலில் அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். தமிழ் படிக்கும் வெள்ளைக்காரர் ஒருவரிடம் "மேனேஜர்கிட்ட போட்டுக்கொடுத்துட்டான்" என்று சொல்லிப் பாருங்கள். எதைப் போட்டான், எதைக் கொடுத்தான் என்று முழிப்பார். 'போட்டு வாங்கினான்' என்றால் இன்னும் மோசம். நாம் இதையெல்லாம் பட்டியல் போட்டா படித்தோம்? தம்பி நம்மைப் போட்டுக்கொடுத்து, வீட்டில் அடி விழுந்த அன்று கற்றுக்கொண்டோம்.

நானும் பட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் லண்டனிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. முந்தின நாள் போனில், விசிட் கால்ட் ஆஃப் என்றார்கள். 'கால்' என்று காதில் விழுந்ததும், இறங்கியதும் கூப்பிடுவார் போல என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மறுநாள் பெருங்குடிப் பக்கம் ஏர்போர்ட்டில், பெயர் எழுதிய அட்டையோடு மூன்று மணி நேரம் நின்றேன். கால்ட் ஆஃப் என்றால் ரத்து. புட் ஆஃப்தான் தள்ளிவைப்பது. அப்புறம் இந்த இரண்டும் எனக்குக் குழம்பியதே இல்லை.

சாமுவேல் ஜான்சன் 1755-ல் கொண்டுவந்த ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, இந்த மாதிரி வினைகள் வெளிநாட்டவருக்கு மிகவும் கஷ்டம் என்று எழுதிவிட்டார். ஆக, கோளாறு உங்கள் தலையில் இல்லை.

ஒட்டி வரும் குட்டிச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். ஈட் அப், ட்ரிங்க் அப், யூஸ் அப்: இந்த 'அப்' மேலே போகிற அப் இல்லை. 'சாப்பிட்டுவிடு', 'தீர்த்துவிடு' என்பதில் வரும் நம் 'விடு' மாதிரி, மிச்சம் வைக்காமல். எல்லா 'அப்'புக்கும் இது பொருந்தாது. கிவ் அப் என்றால் கைவிடுவது. சரி, கைவிடுவதில் மட்டும் கை எங்கே இருக்கிறது?

இன்னொன்று, ஏசியை நிறுத்துவதற்கு டர்ன் ஆஃப் தி ஏசி, டர்ன் தி ஏசி ஆஃப் இரண்டும் சரி. 'இட்' போட்டால் மட்டும் அது நடுவில்தான் உட்காரும்: டர்ன் இட் ஆஃப்.

செக் இன், செக் அவுட் இரண்டையும் எந்தப் பட்டியலில் படித்தீர்கள்? நாளைக்கு ஒருவர் ஐந்து மணிக்கு பிக் அப் வேண்டும் என்றால், அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள், ஆட்டோ நேரத்துக்கு வந்ததா என்பதையும் சேர்த்து.