பாசஞ்சரை நிறுத்தி வைக்கும் அந்த ‘கன்ட்ரோல்’ எங்கே இருக்கிறது?

கேள்வி: மயிலாடுதுறையிலிருந்து விழுப்புரத்துக்கு பாசஞ்சரில் போய்வருகிறேன். நடுவில் ஏதாவது ஒரு சின்ன ஸ்டேஷனில் அரைமணி நேரம் போட்டுவிடுகிறார்கள். கேட்டால், கன்ட்ரோல் சொல்லணும் என்கிறார் ஸ்டேஷன் மாஸ்டர். யார் அந்த கன்ட்ரோல்? வண்டி எப்போது கிளம்பும் என்று நாமே தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: அவர் சொன்னது உண்மைதான், அவரிடம் கோபப்பட வேண்டாம். உங்கள் பாதை திருச்சி கோட்டத்தில் வருகிறது, அதனால் கன்ட்ரோல் ஆபீஸும் திருச்சியில். அங்கே ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு செக்‌ஷன் கன்ட்ரோலர், ராப்பகலாக ஷிஃப்ட் மாறி உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் இருப்பது ஒரு சார்ட்: ஒரு பக்கம் ஸ்டேஷன்கள், இன்னொரு பக்கம் நேரம், ஒவ்வொரு ரயிலும் அதில் ஒரு சாய்கோடு. முன்பு பென்சிலால் போட்டார்கள், இப்போது கம்ப்யூட்டரில். எதிரெதிர் கோடுகள் வெட்டுகிற இடத்தில்தான் கிராசிங், அதாவது இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று கடப்பது. ஆனால் ஒற்றைப் பாதையில் அந்த இடம் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே விழுந்தால் என்ன செய்வது, பக்கத்து ஸ்டேஷனுக்கு அதை நகர்த்தத்தான் வேண்டும், அப்போது ஏதாவது ஒரு வண்டி லூப் லைனில், அதாவது ஸ்டேஷனில் பிரிந்து மறுபடி சேரும் பக்கத் தண்டவாளத்தில், காத்திருந்தே ஆக வேண்டும். எக்ஸ்பிரஸுக்கு முன்னுரிமை, ஆகவே பெரும்பாலும் காத்திருப்பது பாசஞ்சர்தான். தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது வருத்தமான விஷயம், மறுக்கவில்லை.

இன்னொன்று. முடிவெடுப்பது கன்ட்ரோலர் என்றாலும் உங்கள் பாதையில் சிக்னல் அவர் கையில் இல்லை. அடுத்த ஸ்டேஷனிடம் லைன் கிளியர், அதாவது வண்டியை அனுப்பலாம் என்ற ஒப்புதல், வாங்கி சிக்னல் கொடுப்பவர் ஸ்டேஷன் மாஸ்டர். எதிர் வண்டி முழுசாக உள்ளே வராமல் அந்த லைன் கிளியர் கிடைக்காது, கன்ட்ரோலர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. அமெரிக்காவில் பல பாதைகளில் அப்படியில்லை, 1927-இல் ஒஹையோவில் தொடங்கிய முறைப்படி டிஸ்பாட்சரே (அங்கே கன்ட்ரோலருக்கு அதுதான் பெயர்) தொலைவிலிருந்து வண்டியைத் தடம் மாற்றும் பாயின்ட்டையும் சிக்னலையும் மாற்றுவார்.

சரி, எப்போது கிளம்பும்? வண்டி எங்கே வருகிறது என்று காட்டும் ரயில்வேயின் என்டிஇஎஸ் (NTES) செயலியில் உங்கள் வண்டியை விட்டுவிட்டு எதிரே வரும் வண்டியைத் தேடுங்கள். அதில் வரும் நேரங்கள் கன்ட்ரோல் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து வருபவைதான். எதிர் வண்டி அடுத்த ஸ்டேஷனைத் தாண்டிவிட்டது என்றால் இன்னும் கொஞ்ச நேரம்தான். அது போன பிறகும் நகரவில்லையா, பின்னால் வரும் எக்ஸ்பிரஸை முந்தவிடப் போகிறார்கள், அல்லது இன்னொரு கிராசிங் இருக்கிறது, அல்லது முன்னால் தண்டவாள வேலை நடக்கிறது. விழுப்புரத்தில் வேறு வண்டி பிடிக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே கார்டிடம் சொல்லுங்கள், அவர் கன்ட்ரோலுக்குத் தெரிவிக்கலாம். நிறுத்தி வைப்பார்கள் என்று உறுதி கிடையாது, ஆனால் சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரியவே தெரியாது. தினமும் ஒரே இடத்தில் இப்படி நடந்தால் தேதி, நேரத்தோடு ரயில்வே உதவி எண் 139-இல் புகார் பதியுங்கள்.