அப்பாவுக்கு அயோர்ட்டா வீக்கம், இம்யூனிட்டி மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயசு, முப்பது வருஷமா பீடி பிடிக்கிறாரு. கிட்னி கல்லுக்காக வயித்து ஸ்கேன் எடுத்தப்ப அயோர்ட்டால 4.2 செ.மீ. அனியூரிசம்னு வந்துச்சு. டாக்டர் "ஆபரேஷன் இப்ப வேணாம், இம்யூன் செல்ஸ்தான் குழாய் சுவர அரிக்குது"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. எதிர்ப்பு சக்தி கம்மியானதாலயா இது? இம்யூனிட்டி மாத்திரை, கஷாயம் ஏதாவது கொடுக்கலாமா?

பதில்: வேணாங்க. அப்பாவோட எதிர்ப்பு சக்தி குறையல, அந்த ஒரு இடத்துல வருஷக்கணக்கா அடங்காம வேலை செஞ்சுக்கிட்டு இருக்கு, அதான் பிரச்சினையே.

அயோர்ட்டாங்கறது இதயத்துல இருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டு போற பெரிய குழாய். வயித்துப் பக்கம் அது சாதாரணமா 2 செ.மீ. அகலம்தான் இருக்கும், வீங்கி 3 தொட்டா அனியூரிசம்னு சொல்லுவோம். அதோட சுவர்ல எலாஸ்டின்னு ஒண்ணு இருக்கு, ஜட்டி எலாஸ்டிக் மாதிரி ஒவ்வொரு துடிப்புக்கும் விரிஞ்சு சுருங்கும், ஆனா வளந்தப்புறம் உடம்பு இத புதுசா ஒழுங்கா செய்யாது, போனா போனதுதான். பீடிப் புகை, பிரஷர், வயசு எல்லாம் சேந்து சுவர்ல காயம் பண்ணும்போது மேக்ரோஃபேஜ்ங்கற வெள்ளணு உள்ள வருது, குப்பைய அள்ளத்தான் வருது, ஆனா அது விடற எம்எம்பிங்கற என்சைம் எலாஸ்டின துண்டு துண்டா வெட்டிடுது. இதுல கொடுமை என்னன்னா வெட்டுப்பட்ட அந்தத் துண்டுகளே இன்னும் மேக்ரோஃபேஜ கூப்பிடற சிக்னலா மாறிடுது, அவங்க வந்து இன்னும் வெட்ட, டி செல், பி செல்ங்கற மத்த இம்யூன் செல்களும் வந்து சேர, சுவர தாங்கற தசை செல்கள் ஒவ்வொண்ணா சாகுது.

ஆபரேஷன்ல வீக்கத்தத் திறந்தா உள்ள ரத்தக்கட்டி வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கா ஒட்டிக்கிட்டு இருக்கும், ரத்தம் உரசற பக்கம் புதுசா சிவப்பா, சுவர் பக்கம் பழசா வெளிறிப்போய். அந்த சிவப்பு அடுக்குல நியூட்ரோஃபில்ங்கற இன்னொரு வகை வெள்ளணு நிறைய மாட்டிக்கிட்டு அதுவும் என்சைம் விடும், கட்டி தடிமனா இருக்கற இடத்துல அடியில இருக்கற சுவருக்கு ஆக்சிஜனும் கம்மியாத்தான் போகும்.

அப்ப இம்யூனிட்டிய அடக்கற மருந்து கொடுத்தா சரியாகுமான்னு அடுத்து கேப்பீங்க. டாக்சிசைக்ளின்ங்கற ஆன்டிபயாட்டிக் எம்எம்பிய அடக்கும்னு நாங்க எல்லாருமே நம்பிக்கையா இருந்தோம், அமெரிக்கால சின்ன அனியூரிசம் உள்ளவங்களுக்கு ரெண்டு வருஷம் கொடுத்துப் பாத்தாங்க, 2020ல ரிசல்ட் வந்துச்சு, வளர்ச்சி கொஞ்சமும் குறையல. ஸ்டீராய்டும் அப்பா மாதிரி சாதாரண அனியூரிசத்துக்கு கிடையாது. தகயாசு மாதிரி ரத்தக்குழாய் அழற்சி நோய்ல, சுவர் ரொம்ப தடிச்சுப்போற அழற்சி வகைல சிலருக்கு கொடுப்போம், அது வேற கணக்கு.

சுவாரஸ்யமான விஷயம் ஒண்ணு, ஐன்ஸ்டீனுக்கும் இதே வீக்கம்தான். 1948ல ரூடால்ஃப் நிஸ்ஸன்ங்கற சர்ஜன் அத செல்லோஃபேன் தாள்ல சுத்தி வச்சாரு, வெளிப்பொருளப் பாத்து உடம்பு அழற்சி பண்ணி சுத்தி தழும்பு கட்டும், சுவர் கெட்டிப்படும்னு கணக்கு. அரிக்கற அதே எதிர்ப்பு சக்திய வச்சே ஒட்டுப்போடப் பாத்தாங்க. 1955ல அது வெடிச்சுதான் இறந்தாரு.

இப்ப அப்பாவுக்கு செய்ய வேண்டியது. பீடிய நிறுத்தணும், குறைக்கறது பத்தாது, இந்த வீக்கம் வேகமா வளரறதுக்கு நம்ம கையில இருக்கற காரணத்துல இதவிட பெருசு எதுவும் இல்ல. பிரஷர் மாத்திரைய விடக்கூடாது, கொலஸ்ட்ரால் மாத்திரை எழுதியிருந்தா அதையும். 4.2ன்னா வழக்கமா வருஷம் ஒரு ஸ்கேன், முடிஞ்சா அதே சென்டர்ல, பழைய ரிப்போர்ட்டோட. ஆம்பளைங்களுக்கு 5.5 வந்தாத்தான் பொதுவா ஆபரேஷன் பேச்சு, அதுக்கு முன்னாடி அவசரப்பட்டு பண்ணதுல ஆயுசு கூடலன்னு பெரிய ஆய்வுகள்லயே பாத்தாச்சு, அதனால டாக்டர் உங்கள அலட்சியமா அனுப்பிட்டாருன்னு நினைக்காதீங்க. யூரின் இன்ஃபெக்‌ஷன், பேதின்னு போனா சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின்ங்கற ஆன்டிபயாட்டிக் எழுத வாய்ப்பு ஜாஸ்தி, "அப்பாவுக்கு அனியூரிசம் இருக்கு"ன்னு முன்னாடியே சொல்லி வேற மருந்து கேளுங்க, அனியூரிசம் உள்ளவங்களுக்கு இந்த மருந்து ஆபத்துன்னு 2018லயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ எச்சரிக்கை கொடுத்துருக்கு. அப்பா கூடப்பொறந்தவங்க இருந்தா அவங்களையும் ஒரு வயித்து ஸ்கேன் பாக்கச் சொல்லுங்க, இது குடும்பத்துல வரும்.

திடீர்னு வயிறோ முதுகோ கிழியற மாதிரி வலி, வேர்த்துக் கொட்டி மயக்கம் வந்தா கேஸ் மாத்திரை கொடுத்துப் பாக்கலாம்னு உக்காராதீங்க, உடனே 108, ஆப்பரேஷன் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரி, போன உடனே "4.2 அனியூரிசம்"னு சொல்லி ஸ்கேன் ரிப்போர்ட்ட கையில கொடுங்க.