மேல்துணியை யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 58, ஊர் மயிலாடுதுறை. அம்மாவின் கூறைப்புடவை, என் பழைய சுங்குடிச் சேலைகள், மகளின் சின்ன வயதுப் பாவாடை எல்லாவற்றையும் வெட்டி, 4 அடிக்கு 5 அடியில் ஒட்டுத்துணிப் போர்வைக்கு மேல்துணி தைத்துவிட்டேன். பேரனுக்கு ஐந்து மாதம். காக்கா, நரி, வடை, குரங்கு, முதலை என்று கதைப் பொம்மைகளைத் துணியில் செய்து அதன்மேல் தைக்க ஆசை. மெத்தைக்காரர் இலவம்பஞ்சு அடைத்துத் தருகிறேன் என்கிறார். இன்னொருவர், வெளியூரில் மெஷினில் முடித்து வாங்கித் தருகிறேன், பொம்மைகளையும் விற்றுத் தருகிறேன், ஐஎஸ்ஐ முத்திரைக்கு மட்டும் முன்பணம் கொடுங்கள் என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: இரண்டு பேரிடமும் கொடுக்க வேண்டாம் அம்மா. கஷ்டமான வேலையை நீங்கள் முடித்துவிட்டீர்கள். மிச்சம் இருப்பது பொறுமை கேட்கும் வேலைதான், வீட்டிலேயே முடியும். நான் தையல் சொல்லிக்கொடுத்த காலத்தில் ஒரு மாணவி தன் பாட்டியின் சேலையில் தைத்த மேல்துணியை இப்படித்தான் ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். இரண்டு மாதம் கழித்து வந்தது. மெஷினில் கோணலாக நின்றதால் ஓரத்தை நேராக்குகிறேன் என்று நாலு பக்கமும் வெட்டியிருந்தார்கள். போனது பாட்டி சேலையின் கரை. நடுவில் கைமாற்றியவர் தனக்குத் தெரியாது என்றார், தைத்தவர் யார் என்றே கடைசிவரை தெரியவில்லை. வெட்டிய கரையை எந்தப் பணம் கொடுத்தும் திரும்ப வாங்க முடியாது.

இலவம்பஞ்சு தலையணைக்கு நல்லது. அதன் இழை குட்டை, வழவழப்பு, ஒன்றோடொன்று பிடிக்காது. போர்வைக்குள் போட்டால் நாலே மாதத்தில் மூலைக்கு ஒதுங்கிவிடும். தண்ணீரில் நனைக்கவும் முடியாது. குழந்தை படுக்கிற துணியை வாரம் ஒருமுறையாவது அலசித்தானே ஆக வேண்டும்? கடையில் விற்கும் பாலியஸ்டர் ஷீட் அலசத் தாங்கும், ஆனால் நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் பிள்ளைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு வந்துவிடும்.

பழைய நூல் வேட்டியை எடுங்கள். பலமுறை துவைத்து மெத்தென்று ஆன வேட்டிக்கு ஈடு கிடையாது, இனிமேல் சுருங்கவும் சுருங்காது. உள்ளே இரண்டு மடிப்பு, அடியில் லைனிங்காக ஒரு மடிப்பு. மேல்துணியைவிட நாலு பக்கமும் 2 அங்குலம் அதிகம் இருக்க வேண்டும், அதாவது 52க்கு 64 அங்குலம். வேட்டியின் அகலம் பெரும்பாலும் 50 அங்குலம்தான் வரும். ஓரத்தில் ஒரு பட்டி சேர்த்துக்கொள்ளுங்கள், கடைசியில் மிஞ்சியதை வெட்டும்போது அது போய்விடும்.

கூறைப்புடவைத் துண்டுகளில் மட்டும் கவனம் வேண்டும். கூறைநாட்டுப் புடவை பட்டும் நூலும் கலந்து நெய்தது. பட்டு ஒரு மாதிரி சுருங்கும், நூல் இன்னொரு மாதிரி சுருங்கும். பழைய பட்டு மடிப்பில் விரிசலும் விடும். அந்தத் துண்டுகளுக்குப் பின்னால் மெல்லிய மல் துணியை வைத்து ஓரம் பிடித்துவிடுங்கள். ஜரிகை குழந்தையின் தோலை உரசும், அதனால் விரிக்கும்போது வேட்டிப் பக்கம் மேலே இருக்கட்டும். சுங்குடியின் சிவப்பை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தனியாகக் குளிர்ந்த தண்ணீரில் அலச வேண்டியதுதான்.

சரி, தைக்கும் முறை. எல்லாவற்றையும் இஸ்திரி போட்டுத் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். நடுவிலிருந்து வெளியே போகும்படி நீள நீளமாக நூல் ஓட்டிப் பிடியுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் பொம்மிக்கொள்ளும். குண்டூசியை நம்பி விட்டு வைக்காதீர்கள், நம் ஊர் ஈரக்காற்றில் துருக்கறை விழும். பிறகு 4 அங்குலத்துக்கு ஒரு வரி ஓட்டுத்தையல், அதுவும் நடுவிலிருந்துதான். மிஞ்சிய லைனிங்கை மேல்துணியின் அளவுக்கு வெட்டிவிட்டு ஓரப்பட்டி வைத்துத் தையுங்கள். நேர் ஓரம் என்பதால் நேர்ப்பட்டியே போதும், கிராஸாக, அதாவது சாய்வாக வெட்டித் துணியை வீணாக்க வேண்டாம். சுற்றளவு 18 அடி. 44 அங்குல அகலத் துணியில் இரண்டரை அங்குலப் பட்டிகள் ஆறு எடுத்தால் இணைப்புக்கும் மூலைக்கும் மிச்சம் இருக்கும். அரை மீட்டர் வாங்கினால் போதும்.

இனி பொம்மைகள். அடைத்த பொம்மையைப் போர்வைமேல் தைக்காதீர்கள். குழந்தைக்கு உறுத்தும், உள்ளே ஈரம் நின்று நாறும். தஞ்சாவூர்ப் பக்கம் கோயில் தொம்பையும் (உருளையாகத் தொங்கவிடும் துணி அலங்காரம்) தேர்ச்சீலையும் செய்கிறவர்கள் வண்ணத் துணியை உருவமாக வெட்டி, தட்டையாக வைத்துத் தைப்பார்களே, அதுதான் இதற்கும் முறை. காக்காவை அப்படி வைத்து, ஓரத்தை உள்ளே மடித்துத் தையுங்கள். வடையின் ஓட்டையில் அடித்துணியே தெரியட்டும், அழகாக இருக்கும். கண்களை நூலால்தான் போட வேண்டும். பட்டன், மணி, பாசி எதுவும் கூடாது. சுமார் 3 செ.மீ. அகலமுள்ள குழாய்க்குள் நுழைகிற எந்தப் பொருளும் சின்னப் பிள்ளையின் தொண்டையில் அடைக்கலாம். அடைத்த பொம்மைதான் வேண்டுமென்றால் தோரணமாகக் கோத்து, பேரனின் கை எட்டாத சுவரில் மாட்டுங்கள். இன்னொன்றும் முக்கியம்: ஒரு வயது ஆகும்வரை பிள்ளை தூங்கும்போது இந்தப் போர்வையும் வேண்டாம், தூளியில் பொம்மையும் வேண்டாம். மூச்சு முட்டும் ஆபத்து உண்டு. விழித்திருக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்க, தரையில் விரித்து விளையாட விடுங்கள்.

முத்திரை விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் எனக்குக் கோபம் வரும். பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்ற ஆணை 2020 பிப்ரவரியில் வந்தது, 2021 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. பேரனுக்குச் செய்வதற்கு இது எதுவும் வேண்டாம், விற்கிறவர்களுக்குத்தான். அந்த ஆணையைப் போட்டபோது வீட்டில் ஊசி பிடிக்கிற பெண்களை யாரும் நினைக்கவில்லை. 2020 டிசம்பரில்தான் திருத்தம் போட்டு விலக்குக் கொடுத்தார்கள்: கைவினைப்பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர், தானே செய்து தானே விற்கும் பொம்மைக்கு முத்திரை வேண்டாம். 'தானே செய்து தானே விற்கும்' என்பதைக் கவனியுங்கள். அப்படிப் பதிவு செய்து உங்கள் பெயரில் கைவினைஞர் அடையாள அட்டை இருந்து, நீங்கள் செய்து, நீங்களே விற்றால் விலக்கு உங்களுக்கு. அதே பொம்மையை இன்னொருவர் மொத்தமாக வாங்கித் தன் சரக்காக விற்றால், உங்கள் அட்டையைக் காட்டி அவர் தப்ப முடியாது. பக்கத்து வீட்டுப் பெண் தைத்ததை உங்கள் அட்டையில் விற்பதும் சரியில்லை, அவர் தன் பெயரில் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆக, அட்டை எடுத்து நீங்களே விற்றால் உங்களுக்குத் தேவையே இல்லாத முத்திரைக்குத்தான் அவர் முன்பணம் கேட்கிறார். முத்திரைக்கான உரிமத்தை இந்தியத் தர நிர்ணய அமைவனம்தான் கொடுக்கும், இடையில் ஆள் தேவையே இல்லை.

கைவினைஞர் அட்டைக்கு நேரடியாக விண்ணப்பியுங்கள். நான் ஒரு மாணவிக்காக ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தேன். ஒருநாள் சர்வர் இல்லை, ஒருநாள் அதிகாரி இல்லை, மூன்றாம் நாள் படிவம் மாறிவிட்டது என்றார்கள். இப்படி அலைக்கழித்தால்தான் ஜனங்கள் தரகரைத் தேடிப் போகிறார்கள். நீங்கள் போகும்போது ஆதார், நீங்கள் செய்த இரண்டு பொம்மைகள், தைத்துக்கொண்டிருக்கும் படம் மூன்றையும் எடுத்துப் போங்கள். விண்ணப்ப எண்ணை வாங்காமல் திரும்பாதீர்கள்.

போர்வையை ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்து, ஒருமுறை அலசி, நல்ல வெயிலில் இரண்டு பக்கமும் காய வைத்து எடுத்துவிடுங்கள். மழையில் மாட்டினால் மேல்துணியோடு சேர்த்து நாலு மடிப்புத் துணி உள்ளுக்குள் காயாது, வேட்டியில் கரும்புள்ளி விழுந்துவிடும்.